ஏர்ஃபோர்ஸ் ஆபீஸிலிருந்து பெங்களூர் கம்பெனிக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப்படையில் அட்மின் அசிஸ்டென்ட், ஆப்ஸ் அசிஸ்டென்ட், லாஜிஸ்டிக்ஸ் அசிஸ்டென்ட், அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் என்று 20 வருடம் ஓட்டிவிட்டு, கடைசி போஸ்டிங் ஜாலஹள்ளியிலோ எலஹங்காவிலோ ஹெப்பாள் டிரெய்னிங் கமாண்டிலோ அமைந்து, பிள்ளைகள் படிப்புக்காக இந்த ஊரிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் வித்யாரண்யபுரா, கங்கம்மா சர்க்கிள், எம்.எஸ். பாளையா பக்கம் ஏராளம். நான் பெங்களூரில் விமான உதிரிபாகம் செய்யும் நிறுவனம் ஒன்றில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். அவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

நான் டெக்னிக்கல் டிரேடு இல்லை. ஃபிட்டருக்கு வேலை இருக்கும், எனக்கு விமானத் துறையில் என்ன இருக்கிறது?

இந்தச் சந்தேகத்தோடு வருபவர்கள்தான் பாதிப் பேர். விமானத்தில் ஒரு ஸ்பேனர் வேலை நடந்தால் அதைச் சுற்றிப் பத்துக் காகித வேலை நடக்கும். எந்தப் பாகம், எந்த பேட்ச், யார் மாட்டியது, யார் சரிபார்த்தது, எந்த ஆணையின் எந்தத் திருத்தப் பதிப்பைப் பார்த்துச் செய்தது என்று எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இல்லாத பாகம், எவ்வளவு நன்றாக இருந்தாலும், விமானத்தில் ஏறாது. பீன்யாவிலும் தேவனஹள்ளி ஏரோஸ்பேஸ் பூங்காவிலும் போயிங், ஏர்பஸ் போன்றவர்களுக்குப் பாகம் செய்து தரும் தொழிற்சாலைகள் ஏஎஸ்9100 என்ற தரச் சான்றிதழை வைத்துக்கொண்டுதான் பிழைக்கின்றன. அந்தச் சான்றிதழின் உயிரே பதிவேட்டு ஒழுங்கு. அதற்கென்று டாக்குமெண்ட் கண்ட்ரோலர் என்றொரு வேலை இருக்கிறது. பழைய பதிப்பு வரைபடம் ஒன்றுகூடத் தொழிற்சாலைத் தளத்தில் கிடக்காமல் பார்த்துக்கொள்வது, திருத்தம் வந்த அன்றே பழையதைத் திரும்பப் பெற்று முத்திரை குத்துவது, தணிக்கையாளர் கேட்ட தாளை இரண்டு நிமிடத்தில் எடுத்து நீட்டுவது. ஏர்ஃபோர்ஸில் திருத்தச் சீட்டு வந்தால் ஆணைப் புத்தகத்தில் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, தேதி எழுதியவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. கல்லூரியிலிருந்து நேராக வரும் பையன்களுக்கு இந்தப் பொறுமை வர மூன்று வருடம் ஆகிறது.

இதுபோக விமான நிறுவனங்களின் பணியாளர் ரோஸ்டர், அதாவது யாருக்கு எப்போது பணி என்று அட்டவணை போடும் பிரிவு, பராமரிப்பு நிறுவனங்களின் டெக்னிக்கல் ரெக்கார்ட்ஸ், ஸ்டோர்ஸ், விமான நிலைய இயக்கக் கட்டுப்பாட்டு அறை, பெரிய இன்ஜினியரிங் மையங்களில் வளாக நிர்வாகம், வெண்டர் ஒப்பந்தம், ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு ஆவணங்கள். ராணுவப் பயன்பாடும் உள்ள பொருள், தொழில்நுட்பங்களுக்கு ஸ்கோமெட் என்றொரு பட்டியல் உண்டு. அதில் உள்ளதை ஏற்றுமதி செய்ய உரிமம் வேண்டும். அந்தக் கோப்பு வேலைக்குக் கவனமான ஆள் கிடைப்பதில்லை என்று எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் புலம்புகிறோம்.

ரெஸ்யூமே அனுப்பினால் பதிலே வருவதில்லை. என்ன காரணம்?

பெரும்பாலும் ரெஸ்யூமேதான். என் மேசைக்கு வருபவற்றில் பத்தில் எட்டு இப்படித்தான் இருக்கும்:

"ஆர்டர்லி ரூம் இன்சார்ஜ். பிஓஆர், டிஆர்ஓ, லீவ், கிளெய்ம் அனைத்தும் கவனித்தேன். ஒழுக்கமானவன், நேர்மையானவன், கடின உழைப்பாளி."

இதைப் படிப்பது ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கும் 26 வயதுப் பெண். பிஓஆர் என்றால் பணியாளர் விவரத்தில் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் முறைப்படி அறிவிக்கும் அறிக்கை என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? டிஆர்ஓ தினசரி ஆணை என்பதும் தெரியாது. ஒழுக்கம், நேர்மை எல்லாம் எல்லா ரெஸ்யூமேயிலும் இருப்பதால் கண்ணிலேயே படாது. அடுத்த தாளுக்குப் போய்விடுவார்.

அதே மனிதரை உட்காரவைத்து அரை மணி நேரம் பேச்சுக் கொடுத்தால் விஷயம் வேறு மாதிரி வெளிவரும். உதாரணத்துக்கு, இப்படி எழுதலாம்:

"பணியாளர் பதிவேடுகள் முழுவதற்கும் ஆறு ஆண்டு பொறுப்பு. மாதம் சுமார் 120 பயண, விடுப்புக் கோரிக்கைகளை விதிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். தணிக்கையிலிருந்து திருத்தத்துக்குத் திரும்பியவை நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. காகிதப் பதிவேட்டிலிருந்து கணினிக்கு மாறியபோது பழைய பதிவுகளைச் சரிபார்த்து ஏற்றும் வேலையை நடத்தினேன். புதிதாக வந்த நான்கு பேருக்கு வேலை பழக்கினேன்."

மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒரே ஆள், ஒரே வேலை. என்ன செய்தீர்கள், எவ்வளவு, எந்த விதிக்கு உட்பட்டு, முடிவு என்ன என்ற நான்கும் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். எண் கைவசம் இல்லையென்றால் கூசாமல் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கற்பனையாக மட்டும் போடாதீர்கள், இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே பிடிபடும்.

அப்புறம், சார்ஜென்ட், ஜூனியர் வாரண்ட் ஆபீசர் என்ற பதவிப் பெயரைத் தூக்கிப் போட வேண்டாம். பக்கத்திலேயே "ஷிஃப்ட் சூப்பர்வைசர் நிலை, எட்டுப் பேர் கொண்ட குழு" என்று ஒரு விளக்கம் சேர்த்தால் போதும். ராணுவ வேலைகளுக்கு இணையான சிவில் வேலைகள் எவை என்று மறுவாழ்வு இயக்ககமான டிஜிஆர் ஒரு பட்டியலே வெளியிட்டிருக்கிறது. உங்கள் டிரேடுக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எழுதியிருப்பதும் ரெஸ்யூமேயில் எழுதுவதும் முரண்படக் கூடாது.

எண்ணெல்லாம் எழுதினால் ரகசியக் காப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள மாட்டோமா?

நியாயமான பயம். 1923ஆம் வருட அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வுக்குப் பிறகும் உங்களைத் தொடரும். நான் சொல்லும் கோடு எளிமையானது: உங்கள் மேசையைப் பற்றி எழுதுங்கள், யூனிட்டைப் பற்றி எழுதாதீர்கள். எத்தனை விமானம், எந்த ரகம், ஒரு நாளைக்கு எத்தனை சார்ட்டி, அதாவது எத்தனை பறப்பு, ஸ்க்வாட்ரனில் எத்தனை ஆள், எந்த எல்லைத் தளத்தில் எப்போது இருந்தீர்கள், இவை எதுவும் வேண்டாம். எத்தனை கோரிக்கை சரிபார்த்தீர்கள், பிழை எவ்வளவு குறைந்தது, எத்தனை பேருக்குப் பயிற்சி தந்தீர்கள், இவற்றைத் தாராளமாகப் போடலாம். லிங்க்ட்இன்னில் பின்னணியில் விமானமும் ஹேங்கரும் தெரியும் படங்களைப் போடுவதை முதலில் நிறுத்துங்கள். ரெஸ்யூமேயில் ஒரு வார்த்தை மீறாதவர்கூட அங்கே எல்லாவற்றையும் கடைவிரித்து வைத்திருப்பார்.

லாஜிஸ்டிக்ஸில் இருந்தேன். எஸ்ஏபி தெரியாது என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள்.

விமானப்படையின் கணினிச் சரக்கு நிர்வாக முறையான ஐஎம்எம்ஓஎல்எஸ்ஸில் வேலை பார்த்தவருக்கு, கம்பெனிகள் பயன்படுத்தும் எஸ்ஏபி என்ற நிர்வாக மென்பொருளின் சரக்குப் பகுதி மிரட்டாது. திரை வேறு, தர்க்கம் ஒன்று: தேவை, கோரிக்கை, வரவு, பரிசோதனை, இருப்பு, வழங்கல், கணக்கு நேர்செய்தல். பராமரிப்பு நிறுவனங்களில் ஆமோஸ் அல்லது நம் சென்னையின் ராம்கோ மென்பொருள் இருக்கலாம், அதுவும் இதே வழிதான். எஸ்ஏபிக்கு ஒரு சான்றிதழ்ப் படிப்பு முடித்துவிட்டு வந்தால் கணினியே ரெஸ்யூமேயை வடிகட்டித் தள்ளும் முதல் கதவைத் தாண்டலாம்.

நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டியது வேறு. ஏஓஜி என்ற சொல்லை இரண்டு உலகமும் ஒரே பொருளில் பயன்படுத்துகிறது: பாகம் இல்லாமல் விமானம் தரையில் நிற்கிறது. இரவு இரண்டு மணிக்கு அந்தக் கோரிக்கை வந்தால் எந்தக் கிடங்கில் இருக்கிறது, யாரிடம் பேசுவது, எந்த வண்டியில் ஏற்றுவது என்று ஓடியவர் நீங்கள். அந்த இரவுகளில் ஒன்றைப் பெயர், இடம் இல்லாமல் மூன்று நிமிடத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். கூடவே சிவில் பக்கத்துக்கே உரிய சில விஷயங்களைப் படித்துவிடுங்கள்: பாகத்தோடு வரும், நம் சிவில் விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏவின் சிஏ ஃபார்ம் 1, ஐரோப்பாவின் ஈஏஎஸ்ஏ ஃபார்ம் 1, அமெரிக்காவின் 8130-3 ஆகிய விடுவிப்புச் சான்றிதழ்கள், காலாவதித் தேதி உள்ள ரப்பர், பசை வகைகள், சந்தேகமான பாகத்தைத் தனியாகப் பூட்டி வைக்கும் முறை. இதைத் தெரிந்துகொண்டு வருபவரை ஓசூரில் இருக்கும் பராமரிப்பு நிறுவனமானாலும் சரி, கெம்பேகவுடா விமான நிலைய ஹேங்கரானாலும் சரி, உட்காரவைத்துப் பேசுவார்கள்.

ஆப்ஸ் ரூமில் இருந்தவனுக்கு?

என்னைக் கேட்டால் அதிர்ஷ்டக்காரர் நீங்கள்தான். பறக்கும் திட்டம், வானிலை, நோட்டாம் என்ற விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்பு, வான்பாதுகாப்பு அனுமதி எண், விமானிகளின் பறப்பு நேரக் கணக்கு என்று இருந்தவர், விமான நிறுவனத்தின் இயக்கக் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் பாதி சொற்கள் பழகியவையாக இருக்கும். புதிதாகப் படிக்க வேண்டியது பறப்புப் பணி நேர வரம்பு, அதாவது எஃப்டிடிஎல். 2024 ஜனவரியில் டிஜிசிஏ திருத்திய விதிகள் விமானியின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தின, இரவுத் தரையிறக்கங்களையும் கட்டுப்படுத்தின. 2025இல் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. அந்த டிசம்பரில் நாடு முழுக்க விமானங்கள் ரத்தாகி ஜனங்கள் பெட்டியோடு விமான நிலையத்தில் கிடந்தது நினைவிருக்கும். அதற்கு முக்கியக் காரணம் ரோஸ்டர்தான். அந்த விதித் தொகுப்பை டிஜிசிஏ தளத்திலிருந்து இறக்கி, ஒரு கற்பனை வாரத்துக்கு எக்ஸெலில் ரோஸ்டர் போட்டுப் பாருங்கள். இன்டர்வியூவுக்கு அந்தத் தாளையே எடுத்துப் போகலாம்.

ஒவ்வொரு பறப்புக்கும் பாதை, எரிபொருள் எல்லாம் திட்டமிடும் ஃப்ளைட் டிஸ்பாட்சர் வேலை வேறு. அதற்குத் தனிப் பயிற்சியும் ஒப்புதலும் வேண்டும்.

பன்னிரண்டாவதுதான் படித்திருக்கிறேன். டிகிரி இல்லாமல் முடியுமா?

அரசு வேலைக்கு ஒரு வழி உண்டு. பத்தாவது தேறி, படையின் கல்விச் சான்றிதழும் 15 வருடப் பணியும் உள்ள முன்னாள் படைவீரரை, பட்டப்படிப்பு கேட்கும் மத்திய அரசின் குரூப் சி பதவிகளுக்குத் தகுதியானவராக எடுத்துக்கொள்ளலாம், தொழில்நுட்ப வேலை அனுபவம் கேட்காத பதவியாக இருந்தால். தனியார் நிறுவனத்தில் இது செல்லுபடியாகாது. அங்கே கணினி "பட்டம்: இல்லை" என்று பார்த்தாலே ஓரம் கட்டிவிடும். அதனால் பணியில் இருக்கும்போதே இக்னோவில் ஒரு பி.காம் முடித்துவிடுங்கள். ஏற்கெனவே வெளியே வந்தாயிற்று என்றால், வேலை தேடிக்கொண்டே சேருங்கள். "படித்துக்கொண்டிருக்கிறார்" என்பதற்கும் மதிப்பு இருக்கிறது.

ஹெச்ஏஎல், பிஇஎல், பேங்க் வேலைக்கு முயற்சி செய்யலாமா? ஒதுக்கீடு எவ்வளவு?

செய்யுங்கள். மத்திய அரசு குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீதம். பொதுத்துறை நிறுவனங்கள், அரசு வங்கிகளில் குரூப் சிக்கு 14.5 சதவீதம், குரூப் டிக்கு 24.5 சதவீதம். இதில் 4.5 சதவீதம் பணியில் ஊனமுற்றவர்களுக்கும் உயிர்நீத்தவர்களின் குடும்பத்துக்கும் உரியது. வயதில் உங்கள் படைச் சேவை முழுவதையும் கழித்து, மேலும் மூன்று வருடம் தளர்வு தருவார்கள். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போதே விண்ணப்பிக்கவும் செய்யலாம்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. முன்னாள் படைவீரர் சலுகையில் ஒரு அரசு வேலையில் சேர்ந்துவிட்டால், அடுத்த அரசு வேலைக்கு அந்தச் சலுகை கிடைக்காது. ஆனால் சேர்வதற்கு முன்பே வேறு பதவிகளுக்கு விண்ணப்பித்திருந்தால், சேர்ந்தவுடன் எந்தெந்தத் தேதியில் எதெதற்கு விண்ணப்பித்தீர்கள் என்று புதிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். 2014 ஆகஸ்டில் பணியாளர் துறை வெளியிட்ட ஆணைப்படி அந்த விண்ணப்பங்களுக்குச் சலுகை தொடரும். கிளார்க் வேலையில் சேர்ந்த பிறகு அதைவிட நல்ல வேலையின் முடிவு வந்தால், இந்த ஒரு தாள்தான் காப்பாற்றும். தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தால் சலுகை போய்விடாது, அந்தப் பயம் வேண்டாம்.

டிஜிஆர் கோர்ஸ் எதை எடுப்பது?

அதிகாரிகள் கட்டணத்தில் 40 சதவீதம் கட்ட வேண்டும், மற்றவர்களுக்கு முழுவதும் டிஜிஆர் செலவு. ஓய்வுக்கு முன் எடுக்க வேண்டும் என்பதால் காலத்தைத் தவறவிடாதீர்கள். எனக்குத் தெரிந்து நன்றாகப் பயன்படுபவை சப்ளை செயின், தர மேலாண்மை, எச்ஆர். ஊருக்குப் பக்கத்தில் நடக்கிறது, லீவு மாதிரி இருக்கும் என்று கோர்ஸைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சம்பளத்தோடு ஆறு மாதம் வரை படிக்கும் வாய்ப்பு அப்புறம் வாழ்நாளில் வராது.

"அவருக்கு 40 வயசுதான் ஆகுது. அப்பார்ட்மெண்ட்ல செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிடுறாங்க. போகச் சொல்லலாமாங்க?"

ஒரு ஆபீஸ் ஊழியரின் மனைவி கேட்டது. அந்த வேலையில் இழிவு எதுவும் இல்லை, உடனே கிடைக்கும், பணம் தேவைப்படும் குடும்பத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் உட்கார்ந்துவிட்டால் இரண்டு வருடம் கழித்து அவருடைய ரெஸ்யூமேயில் முதல் வரி அதுவாகத்தான் இருக்கும். எங்களைப் போன்றவர்கள் முதல் வரியைத்தான் பார்க்கிறோம். பென்ஷன் வருகிறது, வாடகை சமாளிக்க முடிகிறது என்றால் நான்கைந்து மாதம் பொறுங்கள். முடியவில்லையென்றால் போகட்டும், ஆனால் வளாக நிர்வாகம் என்ற பக்கமாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்: வெண்டர், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், தீயணைப்புத் தணிக்கை. ஸ்டேஷனில் அவர் பார்த்த வேலைதானே அது.

இன்டர்வியூவில் எங்கே சறுக்குகிறோம்?

பதில் சுருக்கமாகிவிடுகிறது. சமீபத்தில் ஒருவரிடம் கேட்டேன்: "கடைசி இடத்தில் பெரிய சிக்கல் ஏதாவது வந்ததா?" நிமிர்ந்து உட்கார்ந்து, "நோ சார். எல்லாம் நார்மல் சார்" என்றார். வாயைக் கிளறியபோது, ஒரு தணிக்கைக்கு மூன்று நாள் முன்னால் பழைய இருப்புப் பதிவேடு மழையில் நனைந்து போனதும், வழங்கல் சீட்டுகளை வைத்து அதைத் திரும்ப எழுதி ஒப்புதல் வாங்கியதும் வெளிவந்தது. அதைத்தான் நான் கேட்டேன்! சிக்கல் வந்தது என்று சொன்னால் குறை என்று படையில் பழகிவிட்டது. இங்கே சிக்கல் இல்லை என்று சொன்னால் வேலை செய்யவில்லை என்று நினைக்கிறார்கள்.

இன்னொன்று, கேள்வி கேட்பவர் உங்கள் மகன் வயதில் இருப்பார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார், நீங்களும் அவரைப் பெயர் சொல்லியே கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்ப்பார். முதல் வாரம் நாக்கு வராது. "சார்" என்றே தொடர்ந்தாலும் யாரும் வேலையை விட்டு எடுத்துவிட மாட்டார்கள்.

ஷார்ட் சர்வீஸ் அதிகாரியாக அட்மின் பிரிவில் இருந்தேன்.

அட்மின் பிரிவு என்பதற்குள்ளேயே விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஏடிசியும், போர் விமானங்களைத் தரையிலிருந்து வழிநடத்தும் ஃபைட்டர் கண்ட்ரோலரும் அடக்கம் என்பது வெளியில் யாருக்கும் தெரியாது. எனவே நீங்கள் எதில் இருந்தீர்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ராணுவ ஏடிசி அனுபவம் தானாகச் சிவில் உரிமமாக மாறாது. விமான நிலைய ஆணையத்தின் தேர்வு தனி, கல்வித் தகுதியும் வயது வரம்பும் தனி. பென்ஷன் இல்லாமல் வருவதால் உங்களுக்கு அவசரம் அதிகம். பெரிய இன்ஜினியரிங் மையங்களில் புரோகிராம் மேனேஜ்மெண்ட், ஆபரேஷன்ஸ் பக்கம் முதலில் தட்டுங்கள்.

என் பையன் அக்னிவீர்வாயுவாக இருக்கிறான். நாலு வருஷத்துக்கு அப்புறம்?

25 சதவீதம் வரைதான் நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்கள் சேவா நிதி என்ற மொத்தத் தொகையாக வட்டி சேர்த்துச் சுமார் 11.71 லட்சத்தோடு வெளியே வருவார்கள், பென்ஷன் கிடையாது. 23, 25 வயதில் வருவதால் நிறுவனங்களுக்கு அவன் கிட்டத்தட்ட ஃப்ரெஷர். இப்போதே தொலைநிலைப் பட்டப்படிப்பில் சேர்த்துவிடுங்கள், எக்ஸெல் பழகட்டும். பணத்தை உடனே பைக்காக மாற்றிவிடாமல் இருந்தால் சரி.

கன்னடம் வேண்டுமா?

தனியார் இன்ஜினியரிங் மையத்தில் ஆங்கிலம் போதும். பீன்யா தொழிற்சாலையில், தளத்தில் நிற்கும் ஆட்களோடு பேச வேண்டிய வேலையில், கன்னடம் இல்லாமல் நாள் நகராது. ஹிந்தி உங்களுக்கு ஏற்கெனவே கைவசம் இருக்கிறது, அது இங்கே தமிழர்களில் பலருக்கு இல்லாத சொத்து. தமிழ் தெரிந்தவருக்குக் கன்னடம் பேச ஆறு மாதம் தாராளம்.

கன்சல்டன்சியில் பணம் கட்டச் சொல்கிறார்கள்.

கட்டாதீர்கள். ஹெச்ஏஎல் நியமனக் கடிதம் என்று நீட்டினாலும் கட்டாதீர்கள். விமானப்படையின் முன்னாள் வீரர் இயக்ககம், டிஜிஆர், மாவட்ட சைனிக் போர்டு என்ற முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூன்றிலும் பதிவு செய்ய யாருக்கும் காசு தர வேண்டியதில்லை.

சம்பளம் பேசும்போது பென்ஷனைக் காட்டிக் குறைக்கிறார்களே?

பென்ஷன் நீங்கள் ஏற்கெனவே செய்த வேலைக்கு வரும் பணம், இந்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். அரசாங்கமே மறுபணியில் அதிகாரி நிலைக்குக் கீழ் இருந்தவர்களின் சம்பளத்தை நிர்ணயிக்கும்போது பென்ஷனைக் கணக்கில் எடுப்பதில்லை. சிடிசி என்று சொல்லும் தொகையில் நிறுவனம் கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, காப்பீடு எல்லாம் அடக்கம். கைக்கு வருவது எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்கு இந்த ஊர் வாடகையும் பல மாத அட்வான்ஸும் முதலில் மயக்கமே வரவைக்கும். ஜாலஹள்ளியில் குடியிருந்துகொண்டு ஒயிட்ஃபீல்டில் வேலை ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பாருங்கள். தேவனஹள்ளி பக்கம் கிடைத்தால் இரண்டாயிரம் குறைவானாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

பென்ஷனும் சம்பளமும் சேர்ந்து வந்தால் வரி?

இரண்டும் வருமான வரியில் சம்பளத் தலைப்பின் கீழேதான் வரும். பாதுகாப்புத் துறையின் பென்ஷன் தளமான ஸ்பர்ஷில் பென்ஷனுக்கு ஒரு கணக்கு, கம்பெனியில் சம்பளத்துக்கு ஒரு கணக்கு என்று இருவரும் தனித்தனியாகப் பிடிப்பார்கள். புதிய வரிமுறையின் 75,000 நிலையான கழிவை இருவருமே கொடுத்துவிடுவதால், ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது திடீரென்று வரி பாக்கி நிற்கும். வேலையில் சேர்ந்த மாதமே பென்ஷன் தொகையைச் சம்பளப் பிரிவில் எழுதிக் கொடுத்துவிட்டால் மாதாமாதம் சேர்த்தே பிடித்துவிடுவார்கள்.